வேலிக்கு இந்தப் பக்கம் ஒளித்து வைத்த இறைச்சிப் பானை

பிள்ளைகளே, ஒரு பெரிய அலுமினியப் பானையை நெஞ்சோடு அணைத்தபடி, பலகை வேலியில் இருந்த இடைவெளியால் நான் பக்கவாட்டில் நுழைந்துகொண்டிருந்தேன்.

பானைக்குள் நான்கு இறாத்தல் மாட்டிறைச்சி. மூன்று மணி நேரம் அவிந்த சூடு. மூடியின் மேல் துவாய்த் துணி ஒன்றைப் போட்டு, அதை நாடியால் அமத்திப் பிடித்திருந்தேன். இல்லாவிட்டால் மணம் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

வேலிக்கு அந்தப் பக்கம் அயலவர் டெஸ் தன் வீட்டு யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, மேசை விரிப்பை வீசி வீசி மணத்தைத் துரத்திக்கொண்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் உங்கள் அம்மா, வெள்ளிக்கிழமை முழுகிய தலையோடு, உங்கள் அக்காவை ஆறு மாதமாக வயிற்றில் சுமந்துகொண்டு, குசினி வாசலில் நின்றார்.

"என்னப்பா அது கையில?"

"ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லாததுக்கோ ஆவி பறக்குது?"

இந்த நிலைக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல, சில நாட்கள் பின்னால் போக வேண்டும்.

கதவும் பிணைச்சலும்

எழுபதுகளின் பிற்பகுதி அது. மெல்பனில், கிளேட்டன் ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில், பலகை வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். டெஸ் எனக்கு இரண்டு விதத்தில் அயலவர். வீட்டிலும் பக்கத்தில் இருந்தார், கார்த் தொழிற்சாலையிலும் பக்கத்தில் நின்றார். அவர் கதவைத் தூக்கிப் பிடிப்பார், நான் அதைக் காரோடு சேர்க்கும் பிணைச்சலை முறுக்குவேன். ஒரு நாளைக்கு எத்தனை கதவு என்று இருவரும் எண்ணுவதில்லை. எண்ணினால் களைப்பு வரும் என்பது டெஸ்ஸின் கொள்கை.

அவர் அயர்லாந்துக்காரர். அவர் பேசுவது ஆங்கிலம்தான் என்று எனக்கு நம்பிக்கை வரவே இரண்டு மாதம் பிடித்தது. என்னுடைய ஆங்கிலத்தைப் பற்றி அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவரும் அவர் வீட்டாரும் சொன்னவற்றை இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அவை அப்படித்தான் தங்கியிருக்கின்றன.

அவருடைய மனைவி மோரீனுக்கு அந்தக் கோடையில் முதுகெலும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை பிளாஸ்ரர்க் கட்டு. மூன்று மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அசையாமல் கிடக்க வேண்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். கெவினுக்கு எட்டு வயது, நோராவுக்கு நான்கு.

கெவின் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான். தகரப் பேணியில் அடைத்த அவரையைச் சூடாக்காமலே சாப்பிடுவான். நோரா அப்படியில்லை. தாய் போன நாளிலிருந்து சாப்பாட்டை விட்டுவிட்டாள். பகலில் அவளை உங்கள் அம்மாதான் பார்த்துக்கொண்டார். பாண் துண்டில் இரண்டு கடி, கொஞ்சம் பால், பிறகு வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். அழமாட்டாள். அடம் பிடிக்கவும் மாட்டாள். மூடிக்கொள்வாள், அவ்வளவுதான்.

"அழுதாலாவது சமாதானப்படுத்தலாம்," என்று உங்கள் அம்மா சொல்வார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. எழுதியவர் மோரீனின் அக்கா பிரிஜிட். பல்லாரட்டில் தனியாக இருப்பவர். தொழிற்சாலைத் தேநீர் நேரத்தில் டெஸ் எனக்கு அதை வாசித்துக் காட்டினார். அயர்லாந்துப் புனிதர் செயின்ட் பற்றிக்கின் பெருநாளன்று வருகிறேன், இரவு சாப்பிட்டுத் தங்குவேன், பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அவர்கள் எங்கே இருப்பது நல்லது என்று முடிவு செய்வோம் என்று எழுதியிருந்தார்.

"முடிவு செய்வோம் எண்டால் என்ன தெரியுமோ சிவா? முடிவு செய்துபோட்டா எண்டு அர்த்தம்," என்றார் டெஸ். "பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகப்போறா. மோரீன் வீட்டுக்கு வரேக்க வாசலில நான் மட்டும் நிக்கவேணும்."

பிரிஜிட் கெட்ட மனுஷி இல்லை. அதையும் அவரே சொன்னார். சமைக்கத் தெரியாத தகப்பன், சாப்பிடாத பிள்ளை. எந்தப் பெரியம்மாவுக்கும் அந்த எண்ணம் வரும்.

"அப்ப சமைப்பம்," என்றேன்.

"ஆர்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.

மோரீனின் குறிப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை டெஸ் ஆஸ்பத்திரிக்குப் போய், மோரீன் சொல்லச் சொல்லத் தொழிற்சாலைத் துண்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி வந்தார். பெருநாளுக்கு அவர்கள் வீட்டில் எப்போதும் மூன்று சாமான் உண்டாம். உப்பில் ஊறிய மாட்டிறைச்சியும் கோவாவும். கோவா என்றால் முட்டைக்கோஸ். அடுத்தது கொல்கனன் என்ற மசித்த கிழங்கு. பிறகு சோடா ரொட்டி. கிழங்கு மிஞ்சினால் பொக்ஸ்ரி என்ற ஒரு வகைத் தோசையும் சுடுவார்களாம்.

குறிப்பு இப்படி இருந்தது. உருளைக்கிழங்கு, போதுமான அளவு. பால், பார்த்து. சோடா, கொஞ்சம். போறணை அடுப்புச் சூடு, வழக்கம்போல.

"வழக்கம்போல எண்டால் எவ்வளவு?"

"அவவுக்குத் தெரியும்."

"எங்களுக்கு?"

"அதுதானே சிவா பிரச்சினை."

துண்டை உங்கள் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துச் சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டுத் தன் நிபந்தனைகளைச் சொன்னார்.

"கிழங்கு அவிப்பன். ரொட்டி சுடுவன். அந்த இறைச்சி என்ர குசினி வாசல் மிதிக்கக் கூடாது. என்ர சட்டி, அகப்பை ஒண்டும் அதில படக் கூடாது. நீங்கள் அதைத் தொட்டால் குளிச்சுப்போட்டுத்தான் உள்ளுக்கு வரவேணும்."

"அப்ப இறைச்சியை ஆர் அவிக்கிறது?"

"ஆம்பிளையள் ரெண்டு பேர் இருக்கிறியள்தானே."

அப்படித்தான், வாழ்நாளில் மாட்டிறைச்சியை வாயில் வைக்காத உங்கள் அப்பா அதற்குச் சமையற்காரன் ஆனார். நீங்கள் யாராவது இதைச் செய்வதானால் கேட்டுக்கொள்ளுங்கள். இறைச்சியை முதல் நாளே பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை இறக்க வேண்டும். பிறகு புதுத் தண்ணீரில் வைத்து, ஒரு முழு வெங்காயம், மிளகு, நாலு கராம்பு போட்டு, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். கொதிக்க விடக் கூடாது. தண்ணீர் சிரிக்கிற அளவுக்குத்தான் நெருப்பு. மேலே வரும் நுரையை அள்ளி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கோவாவைக் கடைசியாகத்தான் போடுவது.

ருசி எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். உப்புப் பார்த்தது டெஸ்தான்.

கல்லாய்ப் போன ரொட்டி

ரொட்டிக்கு மோர் வேண்டும். அந்தக் காலத்துக் கிளேட்டன் கடைகளில் மோர் கிடையாது. டெஸ் கவலைப்பட்டார். எங்கள் வீட்டில் தயிர் உறைய வைக்காத நாள் இல்லை. உங்கள் அம்மா ஒரு போத்தல் மோரை நீட்டியபோது, தேடிய பொருள் பக்கத்து வீட்டிலேயே இருந்ததை டெஸ் நம்பவில்லை. மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

புதன்கிழமை ஒத்திகை வைத்தோம். கோதுமை மா, உப்பு, அப்பச்சோடா, மோர். உங்கள் அம்மா கையை உள்ளே விட்டு, எங்கள் ரொட்டிக்குக் குழைப்பதுபோல் அடித்துத் திரட்டிக் குழைத்தார். பத்து நிமிடம் நன்றாகக் குழைத்தார். வடிவான உருண்டை. மேலே கத்தியால் சிலுவைக் கோடு கீறிப் போறணையில் வைத்தார்.

வெளியே வந்தது ரொட்டி அல்ல. டெஸ் அதை மேசையில் தட்டினார். கதவு தட்டுவதுபோல் சத்தம் கேட்டது.

"இதைக் கார்க் கதவுக்குப் போடலாம்," என்றார்.

நான் மொழிபெயர்க்காமல் இருந்திருக்கலாம். மொழிபெயர்த்துவிட்டேன்.

"அவரைக் கேளுங்கோ, பிழை எங்க எண்டு. பகிடி விடாமல் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கோ," என்றார் உங்கள் அம்மா.

டெஸ் அன்று மாலையே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு வந்தார். மோரீன் கட்டுக்குள் கிடந்து வலிக்க வலிக்கச் சிரித்தாராம். அந்த மாவைக் குழைக்கவே கூடாதாம். மோர் பட்டதும் அது தன்பாட்டில் பொங்கத் தொடங்கிவிடும். விரலால் நாலு தரம் கிளறி, ஒட்டியும் ஒட்டாமலும் சேர்த்து, உடனே போறணையில் வைக்க வேண்டும். வெந்ததா என்று அறிய, அடியில் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே வெறுமையாகச் சத்தம் வந்தால் சரி.

"குழைக்காமல் ஒரு ரொட்டியோ!" என்று உங்கள் அம்மா வியந்தார். கைகளைக் கட்டுப்படுத்துவது அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. ஆனால் இரண்டாவது ரொட்டி பூப்போல வந்தது.

"இண்டைக்கு வெள்ளி"

பெருநாளன்று நானும் டெஸ்ஸும் லீவு எடுத்தோம். காலை பத்து மணிக்கு அடுப்பில் வைத்த இறைச்சி ஒரு மணிக்கு முள்ளுக்கரண்டிக்கு இளகிக் கொடுத்தது. டெஸ் ஒரு சின்னத் துண்டு வெட்டி உப்புப் பார்த்து, கண்ணை மூடினார்.

"அவவின்ர மாதிரியே இருக்கு சிவா. நீ ஒரு துண்டு..."

"இண்டைக்கு வெள்ளி. எங்களுக்கு மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லை," என்றேன். பிறகு பகிடியாகச் சொன்னேன். "இதைத் தொட்டதுக்கே குளிச்சால்தான் உள்ள விடுவா."

டெஸ்ஸின் கையில் இருந்த முள்ளுக்கரண்டி அப்படியே நின்றது.

"என்ன சொன்னாய்?"

"குளிச்சால்தான்..."

"அதுக்கு முதல்."

"இண்டைக்கு வெள்ளி."

அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். முகம் வெளுத்த மனிதர் இன்னும் வெளுப்பதை அன்றுதான் கண்டேன். "தவக்காலம்," என்றார். "தவக்காலத்து வெள்ளி. சிவா, நான் மாட்டிறைச்சி அவிச்சு வைச்சிருக்கிறன்."

எனக்கு உடனே விளங்கியது. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், என்னோடு நின்ற வேதக்காரர்கள், கத்தோலிக்கச் சனம், ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நாளும் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விட்டு என் சோற்றுப் பொட்டலத்தில்தான் கை வைப்பார்கள். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ஒரே சாதிச் சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்புக்கு அடிபாடு நடக்கும். அதைத் தெரிந்திருந்தும், இந்த வீட்டுக்காரரும் வேதக்காரர்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. பெருநாள் என்றார்கள், இறைச்சி என்றார்கள், அவித்தேன்.

"மோரீன் சொல்லேல்லையோ?"

"படுக்கையில கிடக்கிறவவுக்கு வெள்ளியும் ஒண்டு செவ்வாயும் ஒண்டு. கோயில் விஷயம் எல்லாம் அவதான் பார்க்கிறவ. நான் பின்னால போறனான்." எழுந்து யன்னலைத் திறந்தார். "பிரிஜிட் வெள்ளிக்கிழமையில இறைச்சிக் கடைப் பக்கமே போகமாட்டா. கடவுளுக்குப் பயமில்லாத வீடு எண்டு பிள்ளையளை இண்டைக்கே கூட்டிக்கொண்டு போவா. அஞ்சு மணிக்கு ரயில் வருகுது. தூக்கு சிவா!"

"எங்க?"

"உன்ர வீட்டுக்கு! என்ர ஐஸ்பெட்டியைத்தான் அவ முதல் திறந்து பார்ப்பா."

தோசைக்கல்லில் பொக்ஸ்ரி

அப்படித்தான், தொடக்கத்தில் சொன்னேனே, அந்த வேலி இடைவெளிக்குள் வந்து சேர்ந்தேன்.

உங்கள் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பானையைக் குசினிக்குள் கொண்டுவரவில்லை, உடுப்புத் தோய்க்கிற அறையில்தான் வைக்கப்போகிறேன் என்றேன்.

"அங்கதானே என்ர சீலையெல்லாம் காயுது!"

"மூடி இருக்கு."

"மூக்கு எனக்கும் இருக்கு." முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கர்ப்பிணிக்கு அந்த மணம் குமட்டியது. ஆனாலும் விலகி வழி விட்டார். பானையை வைத்துவிட்டு நான் கிணற்றடி இல்லாத ஊரில், தோட்டக் குழாயடியில் நின்று தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவர் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறீர்?"

"வெள்ளிக்கிழமைச் சாப்பாடுதானே வேணும்? எனக்கு வெள்ளிக்கிழமைச் சமையல் தெரியாதோ?"

கோவா எல்லாம் இறைச்சித் தண்ணீரில் அவிந்துபோயிருந்தது. எங்கள் மத்தியானத்து வறைக்கு, அதாவது பொரியலுக்கு, வைத்திருந்த பாதிக் கோவாவைத் தூக்கிக்கொண்டு, உங்கள் அம்மா முதல் தடவையாக டெஸ்ஸின் குசினிக்குள் போனார். உள்ளே போனதும் அடுப்பைத் தேய்த்துக் கழுவச் செய்தார். கழுவியது நான்.

கொல்கனன் சுலபம், பிள்ளைகளே. கிழங்கைத் தோலோடு அவித்து, சூடாக இருக்கும்போதே உரிக்க வேண்டும். கை சுடும், சுடட்டும். வெங்காயத்தாளைப் பாலில் ஒரு கொதி விட்டு, அந்தப் பாலைக் கிழங்கில் ஊற்றி மசிக்க வேண்டும். அவித்த கோவாவை மெல்லிசாக அரிந்து சேர்த்து, நிறைய பட்டர், உப்பு. அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் உங்கள் அம்மாவைக் கொன்றது.

"உப்பும் பட்டருமோ? காய்ச்சல்காரருக்கோ சமைக்கிறம்? ரெண்டு செத்தல் மிளகாய், கொஞ்சம் கடுகு தாளிச்சுக் கொட்டினால்..."

"வேண்டாம்."

"கறிவேப்பிலை இல்லாமல்தான். பேருக்குக் கொஞ்சம்."

"இஞ்சாரும், அந்த மனுஷி ஒரு வாய் வைச்சால் தங்கச்சியின்ர கைச்சமையல் ஞாபகம் வரவேணும். கடுகு கடிபட்டால் எல்லாம் போச்சு."

கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு மிளகு மட்டும் கொஞ்சம் இடித்துப் போட்டார்.

பொக்ஸ்ரிக்குப் பச்சைக் கிழங்கைத் துருவி, துணியில் கட்டித் தண்ணீரைப் பிழிந்தெடுக்க வேண்டும். பிழிந்தது டெஸ், கையில் பலம் உள்ளவர். அதோடு மசித்த கிழங்கு, மா, மோர், ஒரு சிட்டிகை சோடா. தோசைக்கல்லில் ஊற்றி உங்கள் அம்மா கரண்டியால் வட்டமாக இழுத்தபோது டெஸ் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோரீனுக்கு இப்பிடி வட்டமா வராது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவவுக்குச் சொல்லிப்போடாத."

கெவின் பள்ளியால் வந்து இறைச்சியைத் தேடினான். அது சிவா வீட்டில் இருக்கிறது, பெரியம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று டெஸ் அவனுக்குச் சத்தியம் வாங்கினார்.

பாரமில்லாத பெட்டி

ரயில் நிலையத்துக்கு நான்தான் போனேன். டெஸ் நோராவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பிரிஜிட் உயரமான மனுஷி. சாம்பல் நிறத் தொப்பி, கையுறை, உடுப்பில் ஒரு பச்சை இலை குத்தியிருந்தார். தோளில் ஒரு சின்னப் பை, கையில் பெரிய தோல் பெட்டி.

வாங்கித் தூக்கினேன். கை தன்பாட்டில் மேலே போனது. அவ்வளவு பெரிய பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை.

ஒரு இரவு தங்க வருகிற மனுஷிக்குத் தோள்பை போதும். வெறும் பெட்டி எதற்கு என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு அதிகம் படிப்புத் தேவைப்படவில்லை. இரண்டு பிள்ளைகளின் உடுப்பு அதற்குள் நன்றாகக் கொள்ளும்.

"இறைச்சி எங்க?"

மேசை நிறைந்திருந்தது. நடுவில் கொல்கனன் மலைபோல. தட்டில் பொக்ஸ்ரி அடுக்கு. சிலுவை கீறிய ரொட்டி. பிரிஜிட் செபம் சொன்னார். நாங்களும் கும்பிட்டபடி நின்றோம். பிறகு மேசையை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"டெஸ்மண்ட், இறைச்சி எங்க?"

டெஸ் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் நிமிர்ந்தார். "இண்டைக்கு வெள்ளி. தவக்காலம் எல்லோ. இந்த வீட்டில நாங்கள் தொடுறதில்லை."

"பெருநாள் எண்டபடியால் இண்டைக்கு இறைச்சி தின்ன ஆயர் ஆண்டகை விலக்குக் குடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசையில எல்லாக் கோயிலிலயும் வாசிச்சவை." கையுறையை மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தார். "நீ பூசைக்குப் போகேல்லையோ?"

டெஸ்ஸின் காது சிவந்தது. பக்தியைக் காட்டப்போய்ப் பூசைக்குப் போகாதது வெளியே வந்துவிட்டது.

கெவினால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "இறைச்சி இருக்கு பெரியம்மா! அப்பா உங்களுக்குப் பயந்து சிவா வீட்டில ஒளிச்சு வைச்சிருக்கிறார்!"

"ஒளிச்சோ?"

"ஓம்," என்றார் டெஸ். அதற்குப் பிறகு அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "எனக்கு இண்டைக்கு வெள்ளி எண்டதே இவன் சொல்லித்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போறேல்லை. அந்த நேரத்திலதான் மோரீனைப் பார்க்கப் பிள்ளையளை விடுகினம். கிழமைக்கு ஒரே ஒருக்கால்தான் பிள்ளையளை உள்ளுக்கு விடுறவை. ரெண்டும் ஒரே நேரம். நான் அங்கதான் கூட்டிக்கொண்டு போறன். பிழை எண்டால் பிழைதான்."

பிரிஜிட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உங்கள் அம்மாவின் காதில் நடந்ததை மொழிபெயர்த்தேன். பிறகு எழும்பினேன், பானையை எடுத்துவரலாம் என்று. பார்த்தால் பக்கத்தில் உங்கள் அம்மாவைக் காணவில்லை.

சிறிது நேரத்தில் பின்கதவு திறந்தது. உங்கள் அம்மா வந்தார். இரண்டு கையிலும் அந்தப் பானை. முந்தானையை இழுத்து மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார். வயிறு முன்னால், பானை வயிற்றுக்கு மேல். வேலி இடைவெளியால் எப்படி நுழைந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பானையை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு அடி தள்ளி நின்று, கட்டை அவிழ்த்து மூச்சு வாங்கினார்.

"பிள்ளையளுக்குப் பெருநாள்தானே," என்றார் என்னிடம், ஏதோ நான் சண்டைக்குப் போனதுபோல.

நான் பிரிஜிட்டுக்கு விளக்கம் சொன்னேன். எங்கள் சனம் மாட்டிறைச்சி தொடுவதில்லை, வெள்ளிக்கிழமை எந்த மச்சமும் தொடுவதில்லை, இவர் ஆறு மாதக் கர்ப்பிணி. என் ஆங்கிலத்தில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. பிரிஜிட் எழுந்துபோய் ஒரு கதிரையை இழுத்து, உங்கள் அம்மாவைத் தோளில் பிடித்து இருத்தினார். பானை இருந்த பக்கத்தில் அல்ல, யன்னல் பக்கத்தில்.

நோராவின் கோப்பை

டெஸ் இறைச்சியை வெட்டினார். பிரிஜிட் கெவினுக்கு மூன்று துண்டு போட்டார். தன் சாப்பாட்டுக் கோப்பையில் ஒன்றும் போடவில்லை.

"நீங்கள் எடுக்கேல்லையோ?" என்று டெஸ் கேட்டார்.

"வெள்ளியில நான் தொடுறதில்லை."

"ஆயர் விலக்கு..."

"ஆயர் தன்ர வயிற்றுக்கு விலக்குக் குடுக்கட்டும்." பொக்ஸ்ரி இரண்டை எடுத்துக் கோப்பையில் வைத்தார். "பிள்ளையளுக்குப் பெருநாள் வேணும் எண்டுதான் கேட்டனான்."

நோரா வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தாள். பிரிஜிட் கொடுத்த இறைச்சிக்கும் திறக்கவில்லை, ரொட்டிக்கும் திறக்கவில்லை. பெரியம்மா அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். டெஸ் கவனிக்காததுபோல் கவனித்தார். என் மனத்தில் அந்த வெறும் பெட்டி.

உங்கள் அம்மாவுக்கு ஒருவர் முன்னால் சும்மா இருக்கும் கோப்பையைப் பார்த்தால் பொறுக்காது. எட்டி, நோராவின் கோப்பையில் கொல்கனனை ஒரு குவியலாக வைத்தார். கரண்டியின் முதுகால் குவியலின் நடுவில் அமத்திக் குழி செய்தார். உங்களுக்கெல்லாம் சோற்றில் குழி செய்து பருப்பும் நெய்யும் விடுவாரே, அதே கை. குழிக்குள் உருக்கிய பட்டரை ஊற்றினார்.

நோரா குழியைப் பார்த்தாள். பட்டர் மினுங்கியது. பிறகு உங்கள் அம்மாவைப் பார்த்தாள்.

"மம்மியும் இப்பிடித்தான்," என்றாள்.

கரண்டியை எடுத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் வெட்டி, குழிக்குள் தோய்த்து வாயில் வைத்தாள். பிறகு இன்னொரு ஓரம். கரை உடைந்து பட்டர் வெளியே ஓடிவிடாமல் சுற்றிச் சுற்றிக் கவனமாகச் சாப்பிட்டாள். மேசையில் இருந்த பெரியவர்கள் நாலு பேரும் கரண்டியை வைத்துவிட்டு அதையே பார்த்தோம். கெவின் மட்டும் நிறுத்தவில்லை.

பிரிஜிட் டெஸ்ஸிடம் கேட்டார். "குழி செய்யிறதை மோரீன் எழுதிக் குடுத்தவவோ?"

"இல்லை. அது துண்டில இல்லை."

"அப்ப இவவுக்கு எப்பிடித் தெரியும்?"

உங்கள் அம்மா தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று விளங்கிக்கொண்டார். "ரைஸ்," என்றார் கையால் குழி காட்டி. "தால். சேம்."

பிரிஜிட் தலையாட்டினார். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். பிறகு கோப்பையை உங்கள் அம்மா பக்கம் தள்ளி, தனக்கும் ஒரு குழி செய்யச் சொல்லிக் காட்டினார்.

சாப்பிட்டு முடிந்ததும் இரண்டு பெண்களும் பாத்திரம் கழுவினார்கள். ஒருவருக்கு மற்றவரின் பேச்சு விளங்காது. ஆனால் ஓயாமல் பேசிக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பற்றி ஒரு முடிவும் சொல்லாமலே பிரிஜிட் நோராவைப் படுக்க வைக்கப் போய்விட்டார். டெஸ் வாசல்வரை வந்து என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிரிஜிட்டிடம் கேட்கத் துணிவு இருவருக்கும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா இரண்டாம் முறை முழுகினார். காய்ந்த சீலைகளையும் திரும்பத் தோய்த்தார்.

சனிக்கிழமை காலை

பெட்டி தூக்க வேண்டும் என்று காலையில் கெவின் வந்து கூப்பிட்டான். போனேன். பிள்ளைகள் இருவரும் படலையடியில் நின்றார்கள். நல்ல உடுப்பு, காலில் தேய்த்த சப்பாத்து, தண்ணீர் தடவி வாரிய தலை. நோராவின் கூந்தலில் பச்சை ரிப்பன். பக்கத்தில் அந்தத் தோல் பெட்டி. டெஸ்ஸைக் காணவில்லை.

பிரிஜிட் தொப்பியைச் சரி செய்துகொண்டு வந்தார். பெட்டியைக் காட்டினார்.

குனிந்து கைபிடியைப் பிடித்தேன். பாரத்துக்குத் தயாராகத் தோளை இறுக்கிக்கொண்டு தூக்கினேன்.

கை தன்பாட்டில் மேலே போனது.

உள்ளே ஏதோ ஒன்று மட்டும் உருண்டுபோய் ஒரு பக்கத்தில் மோதி நின்றது.

"அரை ரொட்டி," என்றார் பிரிஜிட். "ரயிலில சாப்பிட. உன்ர மனுஷிட்டச் சொல்லு, அடுத்த முறை இன்னும் குறைவாக் கிளறச் சொல்லி."

அப்போதுதான் டெஸ் கழுத்துப் பட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார். இந்தக் கிழமை சனிக்கிழமையும் பிள்ளைகளை உள்ளே விடுவதற்கு, பிரிஜிட் காலையிலேயே தெருமுனைத் தொலைபேசியில் ஆஸ்பத்திரித் தாதியோடு சண்டை பிடித்து ஒழுங்கு செய்துவிட்டாராம். பிள்ளைகள் தாயைப் பார்க்கத்தான் உடுத்திக்கொண்டு நின்றார்கள். நாளைக்கு ஞாயிறு, நாளைக்கு நீ பூசைக்குப் போகலாம், சாட்டுச் சொல்லாதே என்று அவர் டெஸ்ஸுக்குச் சொன்னதும் கேட்டது.

நிலையம் வரை பிரிஜிட் முன்னால் நடந்தார். பெட்டிக்குள் அந்த அரை ரொட்டி இங்கும் அங்கும் உருண்டுகொண்டே வந்தது. அது உருளும் சத்தம் கேட்க வேண்டும் என்று, நான் பெட்டியைக் கொஞ்சம் ஆட்டி ஆட்டித்தான் நடந்தேன்.